விளையாட்டுக் கணக்கு: கேள்வி பதில்

வந்த கேள்விகளில் பாதி மழையைப் பற்றியவை, அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். அடுத்த ஆட்டத்தில் யார் மேல் பணம் கட்டலாம் என்று கேட்டிருந்தவர்கள் மன்னிக்கவும், அதற்கு இங்கே பதில் கிடையாது.

கேள்வி: சார், மழையால் இரண்டாவது அணிக்கு 25 ஓவர்தான் கிடைக்கிறது. 50 ஓவருக்கு 250 என்றால் 25 ஓவருக்கு 125. இவ்வளவு சுலபமான கணக்கை விட்டுவிட்டு, இலக்கை மாற்றிச் சொல்லும் டக்வொர்த்-லூயிஸ் முறை எதற்கு?

அந்தச் சுலபக் கணக்குதான் முதலில் இருந்தது. இரண்டாவதாக ஆடும் அணிக்கு அது கொழுத்த லாபம். பத்து விக்கெட்டும் கையில் இருக்கிறது, ஆட வேண்டியது 25 ஓவர்தான் என்றால் யார் நிதானமாக ஆடுவார்கள்? முதல் பந்திலிருந்தே விளாசலாம்.

அதைச் சரிசெய்யப் போய் 1992 உலகக் கோப்பையில் வேறொரு விதி வந்தது. எத்தனை ஓவர் குறைகிறதோ, முதல் அணி மிகக் குறைவாக ரன் எடுத்த அத்தனை ஓவர்களைக் கழித்துவிடுவது. சிட்னி அரையிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராகத் தென்னாப்பிரிக்காவுக்கு 13 பந்தில் 22 ரன் தேவைப்பட்டபோது மழை. திரும்பி வந்தால் இரண்டு ஓவர் போயிருந்தது, இலக்கில் குறைந்ததோ ஒரே ஒரு ரன். கடைசியில் ஒரு பந்தில் 21! இங்கிலாந்து திணறிய ஓவர்களே இங்கிலாந்துக்குச் சாதகமாகிவிட்டன.

ஃபிராங்க் டக்வொர்த், டோனி லூயிஸ் என்ற இரு ஆங்கிலேயப் புள்ளியியலாளர்கள் கண்டுகொண்டது இதுதான்: ஓர் அணியின் கையிருப்பு வெறும் ஓவர் அல்ல, ஓவரும் விக்கெட்டும் சேர்ந்தது. 50 ஓவரும் 10 விக்கெட்டும் இருந்தால் 100 சதவீத வளம். அவர்களுடைய பழைய அட்டவணையில், விக்கெட் விழாமல் 25 ஓவர் மீதமிருந்தால் வளம் பாதி அல்ல, 66.5 சதவீதம். எனவே 250-இல் 66.5 சதவீதம், அதாவது 166. இலக்கு 167. உங்கள் கணக்கில் 126. இடையில் 41 ரன்!

அந்த அட்டவணையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் கடைசிப் பத்தி. ஒன்பது விக்கெட் விழுந்தபின் 50 ஓவர் மீதமிருந்தாலும் 4.7 சதவீதம், 10 ஓவர் மீதமிருந்தாலும் அதே 4.7. கடைசி ஜோடி அவ்வளவு நேரம் நிற்காது என்பதை அந்த எண் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்கிறது.

1997 ஜனவரியில் ஜிம்பாப்வே-இங்கிலாந்து ஆட்டத்தில் இது முதலில் பயன்பட்டது. பிறகு ஸ்டீவன் ஸ்டெர்ன் திருத்தியதால் இன்று டிஎல்எஸ் (டக்வொர்த்-லூயிஸ்-ஸ்டெர்ன்). இப்போது கணினிதான் கணக்கிடுகிறது, பெரிய ஸ்கோர்களுக்கு விகிதம் மாறும்.

கேள்வி: பார் ஸ்கோர் என்று திரையில் காட்டுகிறார்களே, அதை எட்டினால் வெற்றிதானே?

இல்லை, டை. மழையால் அந்த நொடியே ஆட்டம் நின்றால் இரு அணியும் சமம் என்று காட்டும் எண்தான் பார் ஸ்கோர். அதற்கு மேல் ஒரு ரன் வேண்டும். 2003 உலகக் கோப்பையில் டர்பனில் இலங்கைக்கு எதிராக மார்க் பவுச்சர் சிக்ஸர் அடித்து 229-ஐத் தொட்டார். அதுவே போதும் என்ற நினைப்பில் அடுத்த பந்தைத் தட்டி வைத்தார். அத்தோடு மழையில் ஆட்டம் முடிந்து டை ஆனது, தென்னாப்பிரிக்கா சொந்த மண்ணில் வெளியேறியது. தேவைப்பட்டது 230.

கேள்வி: புள்ளிகள் சமமானால் அணிகளைப் பிரிக்கும் நெட் ரன் ரேட்டில் (ஓவருக்கு எடுத்த ரன்னிலிருந்து ஓவருக்குக் கொடுத்த ரன்னைக் கழிப்பது), 30 ஓவரில் ஆல் அவுட் ஆன அணிக்கு ஏன் 50 ஓவர் என்று வகுக்கிறார்கள்? அநியாயம் இல்லையா?

அப்படி வகுக்காவிட்டால் 10 ஓவரில் 100 ரன்னுக்குச் சுருண்ட அணி, ஓவருக்கு 10 ரன் என்று மார்தட்டும். அநியாயம் வேறு இடத்தில் இருக்கிறது. 40 ஓவரில் துரத்தி முடித்த அணி விக்கெட்டே இழக்காமல் வென்றதா, ஒன்பது இழந்து தப்பித்ததா என்பதை நெட் ரன் ரேட் பார்ப்பதே இல்லை. மழைக்கு விக்கெட்டை எண்ணிவிட்டுப் புள்ளிப் பட்டியலில் அதை மறப்பது எனக்கு ஒப்பவில்லை.

கேள்வி: அண்ணா, எனக்கு 15 வயது, செஸ் ரேட்டிங் 1600. 2000 ரேட்டிங் உள்ள ஒரு மாமாவோடு டிரா செய்தேன். எவ்வளவு ஏறும்?

சபாஷ் தம்பி! 400 புள்ளி வித்தியாசத்தில் உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் அட்டவணை உன்னிடம் எதிர்பார்த்தது 0.08. நீ எடுத்தது 0.5, உபரி 0.42. அதை கே என்ற எண்ணால் பெருக்க வேண்டும். உன் வயதில், 2300-க்குக் கீழே இருக்கும்வரை கே 40, ஆக 16.8 புள்ளி. அந்த மாமாவுக்கு கே 20 என்றால் அவர் இழப்பது 8.4 மட்டுமே. இளம் ஆட்டக்காரர் வேகமாக முன்னேறுவார், அவருடைய எண்ணும் வேகமாக நகர வேண்டும் என்பது இதற்குப் பின்னால் உள்ள ஊகம்.

இந்த முறையை வகுத்த ஆர்பாட் ஈலோ, ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர். ஃபிடே 1970-இல் இதை ஏற்றது. ஃபிஃபாவின் ஆண்கள் தரவரிசையும் 2018 முதல் இதே வழிதான். 0.08 என்பது வெற்றி வாய்ப்பு அல்ல என்பதையும் கவனி, டிராவின் அரைப் புள்ளியும் அதற்குள் அடக்கம்.

கேள்வி: உடற்கல்வி ஆசிரியை கேட்கிறேன். 400 மீட்டரில் ஒரு தடத்தின் அகலம் 1.22 மீட்டர். 2π-ஆல் பெருக்கினால் 7.67. ஆனால் இரண்டாம் தடத்துக்காரரை 7.04 மீட்டர்தான் முன்னே நிறுத்துகிறோம். மீதி எங்கே போனது?

அருமையான கேள்வி, டீச்சர். முதல் தடத்தின் நீளத்தை உள்விளிம்புக் கட்டையிலிருந்து 30 செ.மீ. தள்ளி அளக்கிறார்கள், மற்ற தடங்களைக் கோட்டிலிருந்து 20 செ.மீ. தள்ளி. கட்டை இருந்தால் கால் இடறும் என்று ஓடுபவர் சற்று விலகியே ஓடுவார். எனவே முதல் இரண்டு பாதைகளுக்கு நடுவே 1.22 அல்ல, 1.12 மீட்டர். அதை 2π-ஆல் பெருக்குங்கள், 7.04 வரும். மூன்றாம் தடத்திலிருந்து ஒவ்வொன்றுக்கும் உங்கள் 7.67 கூடும். மைதான வளைவின் ஆரம் எதுவானாலும் இந்த எண்கள் மாறாது.

கேள்வி: தொடர்ந்து கூடை போடுபவருக்கு "கை சூடாக இருக்கிறது" என்பது வெறும் பிரமை என்று படித்தேன். உண்மையா?

முப்பது ஆண்டுக்கு மேல் அப்படித்தான் பாடம் நடத்தினோம். 1985-இல் கிலோவிச், வலோன், ட்வெர்ஸ்கி மூவரும் கூடைப்பந்து எறிதல்களை ஆராய்ந்து, தொடர் வெற்றிக்குப் பிறகு வெற்றி விகிதம் கூடவில்லை என்றார்கள். 2018-இல் மில்லர், சான்ஹூர்ஹோ இருவரும் அந்தக் கணக்கிலேயே ஓட்டை கண்டார்கள்.

காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள். நாணயத்தை மூன்று முறை சுண்டினால் எட்டு வரிசைகள். ஒவ்வொரு வரிசையிலும், பூவுக்கு அடுத்த சுண்டலில் எத்தனை பங்கு பூ என்று எழுதுங்கள். தலை-தலை-தலை, தலை-தலை-பூ இரண்டிலும் பூவுக்கு அடுத்து சுண்டலே இல்லை, விட்டுவிடுங்கள். மீதி ஆறில்: பூ-தலை-தலை 0, பூ-தலை-பூ 0, தலை-பூ-தலை 0, தலை-பூ-பூ 1, பூ-பூ-தலை அரை, பூ-பூ-பூ 1. கூட்டினால் இரண்டரை, ஆறால் வகுத்தால் ஏறத்தாழ 0.42. நாணயம் நேர்மையானது, ஆனால் சராசரி 0.5 வரவில்லை! பூ-பூ-பூ வரிசையில் இரண்டு வாய்ப்புகள் இருந்தும், ஒரே வாய்ப்புள்ள தலை-பூ-தலைக்குச் சமமான எடையே அதற்குக் கிடைப்பதுதான் காரணம். எல்லா வாய்ப்பையும் ஒன்றாகக் கொட்டி எண்ணினால் எட்டில் நான்கு, சரியாகப் பாதி.

ஆக, இப்படிச் சராசரி எடுக்கும்போது ஒருவருக்குப் பாதி வந்தாலே கை கொஞ்சம் சூடுதான். பழைய தரவைத் திருத்திப் பார்த்தபோது சூடு தெரிந்தது. வர்ணனையாளர்கள் சொல்லும் அளவுக்கு இருக்குமா என்றால், எனக்கு நம்பிக்கை இல்லை.

கேள்வி: வலப்பக்கம் பிரமாதமாகப் பெனால்டி அடிப்பவர், எதற்காக இடப்பக்கமும் அடிக்க வேண்டும்?

எப்போதும் வலமே அடித்தால் கோல்கீப்பர் எப்போதும் அங்கேயே பாய்வார். ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். கீப்பர் தவறாகப் பாய்ந்தால் எந்தப் பக்கமும் 95 சதவீதம் கோல். சரியாகப் பாய்ந்தால் வலத்தில் 70, இடத்தில் 55. வலமே அடித்துக்கொண்டிருந்தால் 70-தான் மிஞ்சும். முன்கூட்டி ஊகிக்க முடியாதபடி 62 சதவீதம் வலம், 38 சதவீதம் இடம் என்று கலந்தால், கீப்பர் எங்கே பாய்ந்தாலும் ஏறக்குறைய 80 சதவீதம் கோல்.

வலம், இடம், வலம், இடம் என்று மாற்றி மாற்றி அடிப்பது கலப்பு ஆகாது, கீப்பர் அதை இரண்டே ஆட்டத்தில் பிடித்துவிடுவார். வீரர்கள் நிஜமாகவே சீட்டுக் குலுக்கியது போல அடிக்கிறார்களா என்று பார்க்க, இக்னாசியோ பலாசியோஸ்-உவெர்த்தா ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெனால்டிகளை அலசி 2003-இல் வெளியிட்டார். இரு பக்கமும் வெற்றி விகிதம் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. அந்த வீரர்களில் யாரும் சமன்பாடு போட்டுவிட்டு மைதானத்துக்கு வந்திருக்கப் போவதில்லை.