ஜனவரி மழையில் ரிட்ஜ்வேயில் வண்டியை இறக்கலாமா?

கேள்வி: இங்கிலாந்தில் சுவிண்டன் நகரில் வசிக்கிறேன். பழைய லேண்ட் ரோவர் டிஸ்கவரி ஒன்றை அண்மையில் வாங்கினேன். ஜனவரியில் ரிட்ஜ்வே மண்பாதையில் ஒருநாள் கூட்டிப்போவதாக இணையத்தில் விளம்பரம் செய்யும் ஒருவர், வண்டிக்கு 60 பவுண்ட் கேட்கிறார். பிறகு தனியாகப் போவதற்கு ஜிபிஎஸ் பாதைக் கோப்பும் தருவாராம். ‘பைவே (தார் போடாத பொதுச் சாலை) எல்லாருக்கும் பொது, யாரும் தடுக்க முடியாது’ என்கிறார். போலீஸ் வண்டியைப் பறிமுதல் செய்துவிடும் என்று என் மனைவி பயப்படுகிறார். யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. பணத்தை இன்னும் கட்டவில்லையென்றால் கட்டாதீர்கள். ஏவ்பரி அருகே ஓவர்ட்டன் குன்றில் தொடங்கி 139 கிலோமீட்டர் நீளும் ரிட்ஜ்வேயில் சில பகுதிகளில் மட்டுமே மோட்டார் வண்டிக்கு உரிமை உண்டு. அந்தப் பகுதிகளிலும் பெரும்பாலானவற்றை அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை போக்குவரத்து ஒழுங்கு ஆணை போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். ஜனவரியில் அங்கே ஆள் சேர்க்கிறவருக்கு இது தெரியாமலிருந்தால் அவர் வழிகாட்டியே அல்ல. தெரிந்தும் சேர்க்கிறார் என்றால் நான் வேறெதுவும் சொல்ல வேண்டியதில்லை.

நடைபாதை, குதிரைப்பாதை, ‘ரெஸ்ட்ரிக்டட் பைவே’ எனப்படும் கட்டுப்பாடுள்ள பைவே ஆகிய மூன்றிலும் மோட்டார் வண்டிக்கு இடமில்லை. அனுமதியின்றி ஓட்டினால் 1988ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி குற்றம். உங்களுக்கு உரியது ‘எல்லா வாகனங்களுக்கும் திறந்த பைவே’ மட்டும்தான். பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரைபடத்தில் அது பச்சை நிறச் சிறு சிலுவைகளின் வரிசையாக இருக்கும். அதுவும் சாலைதான் என்பதால் வரி, எம்.ஓ.டி. எனப்படும் ஆண்டு வாகனத் தகுதிச் சோதனை, காப்பீடு, உரிமம் எல்லாம் வேண்டும். பறிமுதலைப் பொறுத்தவரை, 34ஆம் பிரிவை மீறியோ பொறுப்பில்லாமலோ ஓட்டிப் பிறருக்குத் தொல்லை கொடுத்தால் 2002ஆம் ஆண்டு போலீஸ் சீர்திருத்தச் சட்டத்தின் 59ஆம் பிரிவின்கீழ் வண்டியை எடுத்துப்போகலாம். வண்டியை மீட்பதற்கான இழுவைச் செலவும் அதை வைத்திருந்ததற்கான கட்டணமும் உங்கள் தலையில்தான் விழும். முதலில் எச்சரித்துவிட்டுத்தான் எடுப்பார்கள் என்று நம்பி இருக்க வேண்டாம். முன்னால் போன வழிகாட்டியைக் கைகாட்டினாலும் பயனில்லை, ஏனென்றால் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் நீங்கள்.

பாதைக் கோப்பு விற்கிறவர்களைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை. 2006 மே 2 அன்று நடைமுறைக்கு வந்த இயற்கைச் சூழல் மற்றும் ஊரகச் சமூகங்கள் சட்டம், அதுவரை முறையாகப் பதிவாகாதிருந்த மோட்டார் உரிமைகளில் பெரும்பகுதியை ஒரே நாளில் அழித்துவிட்டது. அதற்கு முன்பு யாரோ ஓட்டிய தடங்களைச் சேர்த்து, பெயரை மட்டும் மாற்றி, இன்றைக்கும் காசாக்கிக்கொண்டிருக்கிறார்கள். கோப்பு எவ்வளவு அழகாகத் திரையில் ஓடினாலும் அதற்குச் சட்ட மதிப்பு கிடையாது.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்தக் கோப்பு விற்பவர்கள் இதைத்தான் துருப்புச்சீட்டாக எடுத்துக் காட்டுவார்கள். அதே எக்ஸ்ப்ளோரர் வரைபடத்தில் சில பாதைகள் பச்சைப் புள்ளிகளாக இருக்கும். இவை பெரும்பாலும் கவுன்சிலின் தெருப் பட்டியலில், அதாவது பொதுச்செலவில் பராமரிக்க வேண்டிய சாலைகளின் பட்டியலில், உள்ள வகைப்படுத்தப்படாத சாலைகள். 2006 மே 2 அன்று ஒரு பாதை அந்தப் பட்டியலில் இருந்து, ‘டெஃபினிட்டிவ் மேப்’ எனப்படும் அதிகாரபூர்வ வரைபடத்தில் இடம்பெறாமலும் இருந்தால், அதில் ஏற்கெனவே இருந்த மோட்டார் உரிமை பிழைத்துக்கொண்டது. ‘ஏற்கெனவே இருந்த’ என்பதைக் கவனியுங்கள். பட்டியலில் இருப்பது பராமரிப்புக் கடமைக்குச் சான்று. வண்டி உரிமைக்குச் சான்றல்ல. பழைய நடைபாதை ஒன்றுகூட அப்பட்டியலில் இருக்கக்கூடும். ஆகவே பச்சைப் புள்ளியைப் பார்த்தால் ‘போகலாம்’ என்றும் முடிவு செய்யாதீர்கள், ‘கூடாது’ என்றும் முடிவு செய்யாதீர்கள். கவுன்சிலின் பாதை உரிமைப் பிரிவுக்கு, இடத்தைக் குறிக்கும் வரைபடக் கட்டத்தின் எண்ணுடன் எழுதிக் கேளுங்கள்.

எழுதிக் கேளுங்கள் என்று சொல்வது எளிது. பாதை உரிமைப் பிரிவு நெடுஞ்சாலைப் பிரிவைக் கேள் என்னும், அது போக்குவரத்து ஆணைகளுக்கு வேறு அலுவலகம் என்னும். தற்காலிக மூடல் அறிவிப்போ பிளாஸ்டிக் உறையில் நனைந்து எழுத்தழிந்து கம்பத்தில் தொங்கும். வடிகாலைத் தூர்வாரினால் சரியாகிவிடும் பாதையை ஆண்டுக்கணக்கில் கிடப்பில் போட்டுவிட்டு, பள்ளம் விழுந்த பிறகு மூடுவதற்கு மட்டும் சுறுசுறுப்பு வந்துவிடுகிறது. இருந்தாலும் சிவப்பு வளையத்துக்குள் மோட்டார் சைக்கிளும் கீழே காரும் வரைந்த பலகையைக் கண்டால், மாதங்கள் குறித்த துணைப்பலகை அதன் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். துணைப்பலகை எதுவும் இல்லையென்றால் ஆண்டு முழுவதும் தடை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

சட்டப்படி திறந்திருக்கும் பைவேயாக இருந்தாலும் மழைக்காலத்தில் போகத்தான் வேண்டுமா என்பது தனிக் கேள்வி. உங்கள் பகுதியின் சுண்ணமண், ஈரம் பட்டால் மேலே விரற்கடை அளவுக்கு வெள்ளைக் குழம்பாகவும் அடியில் கெட்டியாகவும் இருக்கும். அதில் டயர் பிடிமானமின்றி வழுக்கிப் பழைய தடப்பள்ளத்துக்குள் போய் விழும். வெளியேற ஆக்சிலரேட்டரை மிதித்தால் சக்கரம் சுழன்று பள்ளத்தை இன்னும் தோண்டும். அடுத்த மழையில் அந்தப் பள்ளமே வாய்க்காலாகித் தண்ணீர் அதன் வழியே மண்ணை அரித்துக்கொண்டு ஓடும். உறைபனி பிடித்த காலையில் பாறைபோல் இருந்த பாதை, நண்பகலில் பனி இளகியதும் படுமோசமாகிவிடும்.

ஆகவே பாதையின் வாயிலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி நடங்கள். குதிகாலை அழுத்தும்போது பூட்ஸ் புதைந்து, காலை எடுத்ததும் அந்தக் குழியில் நீர் ஊறினால் திரும்பிவிடுங்கள். இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள உங்கள் டிஸ்கவரி அதைவிடப் பல மடங்கு சேதம் செய்யும். பள்ளத்தைத் தவிர்க்க ஓரப்புல்லில் ஏறாதீர்கள்: பாதை அகலமாவது மட்டுமல்ல, எல்லையைத் தாண்டினால் நீங்கள் அடுத்தவர் நிலத்தில் நிற்கிறீர்கள். தரை தாங்கும் என்றால் மூன்று வண்டிகளுக்கு மேல் சேராமல், மணிக்கு 12 மைலுக்குள் ஓட்டுங்கள். குதிரை எதிரே வந்தால் எஞ்சினை அணைத்துவிடுங்கள். வழியிலுள்ள வேலிக் கதவுகளைத் திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட்டுச் செல்லுங்கள்.

சிக்கிக்கொண்டால் டிரெய்லர் மாட்டும் உருண்டைக் கொக்கியில் கயிறு கட்டி இழுக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். அது முறிந்து பறந்தால் ஆளைக் கொன்றுவிடும். அதற்குரிய இழுவை வளையத்தில்தான் கட்ட வேண்டும்.

காப்பீட்டு நிறுவனத்திடம் ‘ஆஃப் ரோடு’ போகலாமா என்று கேட்காதீர்கள், இல்லை என்றுதான் பதில் வரும். ‘தார் போடாத பொதுச் சாலையான பைவேயில் ஓட்டினால் காப்பு உண்டா, உயர்த்திய சஸ்பென்ஷனும் பெரிய டயரும் பதிவாகியிருக்கின்றனவா’ என்று மின்னஞ்சலில் கேட்டு, வரும் பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய வண்டியை விற்பவர்கள் இந்த மாற்றங்களைப் பெருமையாகச் சொல்வார்கள். காப்பீட்டாளருக்குச் சொல்ல வேண்டும் என்பதை மட்டும் சொல்லமாட்டார்கள்.

ஜனவரியிலேயே சேற்றில் ஓட்டிப் பழக வேண்டுமென்றால் நாள் கட்டணம் வாங்கும் தனியார் ஆஃப் ரோடு மைதானங்கள் இருக்கின்றன. வழக்கமான கார் காப்பீடு அங்கே செல்லாமல் போகலாம் என்பதால், அதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். ரிட்ஜ்வேயின் அனுமதியுள்ள பகுதிகளுக்கு மே மாதத்தில், தரை காய்ந்த பிறகு போங்கள்.