செவனிங் படிப்புக்கு ஏஜென்ட் எதற்கு?

கேள்வி: எனக்கு வயது 26. மூன்று வருடமாக ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. ஊராட்சிப் பெண் வார்டு உறுப்பினர்களுக்குப் பயிற்சி கொடுத்து வந்தேன். 2024 அக்டோபர் 2 கிராம சபையில், அதுவரை வாயே திறக்காத ஓர் அக்கா எழுந்து குடிநீர்க் கணக்கைக் கேட்டது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஜனநாயக ஆட்சிமுறை பற்றி வெளிநாட்டில் படிக்க ஆசை. செவனிங் உதவித்தொகை வாங்கித் தர ஒரு ஏஜென்ட் அறுபதாயிரம் கேட்கிறார். கொடுக்கலாமா? தமிழ்வழியில் படித்த எனக்கெல்லாம் கிடைக்குமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: ஒரு பைசா கொடுக்காதீர்கள். செவனிங், பிரிட்டன் அரசு 1983 முதல் நடத்தி வரும் உதவித்தொகை. விண்ணப்பக் கட்டணமே கிடையாது. பெரும்பாலும் ஆகஸ்டில் திறப்பார்கள். 2025இல் அக்டோபர் தொடக்கத்திலேயே மூடிவிட்டார்கள். ஏஜென்ட் எழுதித் தரும் விண்ணப்பக் கட்டுரையோடு போனால் நேர்முகத் தேர்வில் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

ஒரு பட்டமும் 2,800 மணி நேர வேலை அனுபவமும் கேட்பார்கள். முழுநேர வேலை என்றால் அது இரண்டு வருடக் கணக்கு, உங்களுக்குத் தாராளம். ஒரு வருட முதுகலைப் படிப்புகளில் மூன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிரிட்டனின் சசெக்ஸில் உள்ள வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தில் (ஐடிஎஸ்) ஆட்சிமுறையும் பொதுக்கொள்கையும் சேர்ந்த படிப்பு உண்டு. அதை முதலில் பாருங்கள். முடித்ததும் நாடு திரும்பி இரண்டு வருடம் இருந்தாக வேண்டும். அங்கேயே தங்கிவிடும் எண்ணம் இருந்தால் இது உங்களுக்கான இடமில்லை.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் நடத்தும், முன்பு டிரேப்பர் ஹில்ஸ் என்று இருந்து இப்போது ஃபிஷர் ஃபேமிலி என்று பெயர் மாறிய பயிற்சி பற்றியும் யாராவது சொல்வார்கள். அது மூன்று வாரக் கோடைப் பயிற்சி, பட்டம் வராது. களத்தில் ஏற்கெனவே பெயர் எடுத்தவர்களுக்கானது. இப்போது வேண்டாம்.

கட்டுரைக்கு வருவோம். 'எனக்குத் தலைமைப் பண்பு உண்டு' என்று ஆயிரம் பேர் எழுதுவார்கள். அந்த அக்காவை எழுத உங்களால் மட்டும்தான் முடியும். தலைவியின் நாற்காலியில் கணவர் உட்கார்ந்திருந்தாரா? கணக்குக் கேட்கும் முன் அந்த அக்காவுக்கு நீங்கள் எதைச் சொல்லிக்கொடுத்தீர்கள்? கேட்டபின் தொட்டியில் தண்ணீர் வந்ததா, இல்லையா? வரவில்லை என்றாலும் எழுதுங்கள். அப்புறம், 2025 ஜனவரியில் உங்கள் மாவட்டத்தில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து அரசு நியமித்த தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்களே, தேர்தலில் வந்தவர் இல்லாத ஊராட்சியில் மக்கள் யாரிடம் கேள்வி கேட்டார்கள்? நான் தேர்வுக்குழுவில் இருந்தால் இதைத்தான் படிக்க விரும்புவேன்.

தமிழ்வழி ஒரு தடையே இல்லை. ஆனால் ஆங்கிலத்தில் தடுமாறாமல் விளக்கத் தெரிய வேண்டும். நேர்முகம் அந்த மொழியில்தான். பல்கலைக்கழகமும் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் கேட்கும். பல இடங்களில் 6.5 இருந்தால் போதும்.

பரிந்துரைக்கு இரண்டு பேர் வேண்டும். உங்கள் பேராசிரியர் ஒருவர், நிறுவன ஒருங்கிணைப்பாளர் ஒருவர், சரியாக இருக்கும். எம்.எல்.ஏ. கடிதத்துக்கு அலையாதீர்கள். உங்கள் வேலையைப் பார்க்காதவர் அதில் என்னத்தை எழுதுவார்?