கொலையாளி யார் என்று முதலிலேயே காட்டிவிடும் அமெரிக்கத் துப்பறியும் தொலைக்காட்சித் தொடரான ‘கொலம்போ’வை ஏன் பார்க்க வேண்டும்?

கொலம்போவாக நடித்த பீட்டர் ஃபால்க்கின் நடிப்புக்காக. கொலையையும் செய்தவரையும் தொடக்கத்திலேயே காட்டிவிடுவார்கள். அவர் எப்படிச் சிக்குகிறார் என்பதுதான் மீதிக் கதை. கசங்கிய மழைக்கோட்டும் சுருட்டுமாகக் காவல்துறை லெப்டினென்ட் கொலம்போ வருவார், மனைவியைப் பற்றி ஏதோ பேசுவார், விடைபெற்று வாசல்வரை போவார். பிறகு திரும்பி, இன்னும் ஒரே ஒரு விஷயம் என்பார். அந்த நொடியில் எதிரில் நிற்பவரின் முகத்தைக் கவனியுங்கள். செல்வச் செருக்கு மெல்ல வடியத் தொடங்கும்.

ஃபால்க் குரலை உயர்த்துவதே அபூர்வம். அதனால்தான் 1973-இல் வந்த ஒரு எபிசோடில், அறுவை மருத்துவராக நடித்த லியனார்ட் நிமோயின் மேசைமீது அவர் தண்ணீர்க் குடுவையை ஓங்கி அடித்துச் சீறும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

கொலம்போ பாத்திரத்துக்கு ஃபால்க், அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருதுகள் நான்கு பெற்றார். ஆனாலும் அவருடைய உச்சம் என்று நான் சொல்வது, ஜான் கசவெட்டீஸ் இயக்கிய 1974-ஆம் ஆண்டுப் படமான ‘எ உமன் அண்டர் தி இன்ஃப்ளூயன்ஸ்’. மனம் தடுமாறும் மனைவியாக ஜீனா ரோலண்ட்ஸ். அவளை உயிராக நேசித்தும் புரிந்துகொள்ளத் தெரியாமல் கத்தித் தீர்க்கும் தொழிலாளியாக ஃபால்க். கொலம்போவின் பொறுமை அங்கே துளியும் இல்லை. இரண்டையும் அடுத்தடுத்த நாட்களில் பாருங்கள். முதலில் அந்த மருத்துவர் கதை.