செவியுள்ளவர்களின் சொல்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் நண்பர் ஒருவரின் புதுமனை ஜெபத்துக்குப் போயிருந்தேன். போதகர் நெடுநேரம் ஜெபித்தார்; நான் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிவில் எல்லோரும் ‘ஆமென்’ என்றபோது நானும் சொல்லிவிட்டேன். சைவனாகிய நான் அப்படிச் சொன்னது பிழையா? ஆமென் என்பது ஓங்காரத்தின் திரிபு என்கிறார்களே, உண்மையா?

அன்புள்ள நண்பருக்கு,

ஓங்காரத் திரிபை விட்டுவிடுங்கள். ஒலி ஒத்துப்போவதாலேயே சொற்கள் உறவாகிவிடுவதில்லை. உறுதி, நம்பகம் என்னும் பொருள் தரும் எபிரேய வேரிலிருந்து வந்த சொல் அது. யோவான் நற்செய்தியில் இயேசு ‘மெய்யாகவே மெய்யாகவே’ என்று தொடங்கும் இடங்களில் கிரேக்க மூலத்தில் இருப்பதும் ‘ஆமென், ஆமென்’தான். நண்பனின் வீடு செழிக்கட்டும் என்று ஒருவர் வேண்டும்போது, ஆகட்டும் என்பதால் எந்தச் சைவமும் குறைந்துபோகாது.

கைப்பேசியைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. எதற்கு ஆமென் சொன்னோம் என்றே தெரியாமல் சொல்லிவிட்டு, மதம் பிழைத்ததா என்று கேட்கிறீர்கள். விவிலியத்தின் உபாகமம் 27ஆம் அதிகாரத்தில், இறைப்பணிக்குரிய குலத்தாரான லேவியர்கள் 12 சாபங்களை உரக்கச் சொல்கிறார்கள்: பிறனுடைய எல்லைக்கல்லை நகர்த்துபவன் சபிக்கப்பட்டவன், குருடனுக்கு வழி தப்பச் செய்பவன் சபிக்கப்பட்டவன். ஒவ்வொன்றுக்கும் மக்கள் ஆமென் என்கிறார்கள். அதாவது, அந்தக் குற்றத்தை நான் செய்தால் இந்தச் சாபம் என்மேல் விழட்டும் என்று அவரவரும் ஒப்புகிறார்கள். கைப்பேசியில் கண்ணை வைத்துக்கொண்டு போடுகிற கையெழுத்தா அது?

கேளாமல் சொல்வதை யூத மரபு ‘அநாதை ஆமென்’ என்கிறது. ஆனால் எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் இருந்த யூதர்களின் மாபெரும் தொழுகைக்கூடத்தில் ஓதுபவரின் குரல் எல்லோருக்கும் எட்டாது என்பதால், நடுவிலிருந்த மரமேடையிலிருந்து துணியை வீசிக் காட்ட, மக்கள் ஆமென் சொல்வார்களாம், யூதர்களின் மரபு நூலான தல்மூத் சொல்கிறது. அது அநாதை ஆமென் ஆகாதா என்றால், எந்த வேண்டுதலுக்கு விடை சொல்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்று உரைகாரர்கள் சமாதானம் சொல்கிறார்கள்.

இதைப் படித்த நாள் முதலாக என் தாத்தாவின் நினைவாகவே இருக்கிறேன். கடைசிக் காலத்தில் அவருக்குக் காது முற்றிலும் கேட்காது. மாலையில் விளக்கேற்றிப் பாட்டி தேவாரம் ஓதும்போது எதிரே திண்டில் சாய்ந்து அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருப்பார். பார்வையும் மங்கிய பிறகு அவள் கையைப் பார்த்தார். பதிகம் முடிந்து பாட்டி திருநீற்று மடலை எடுத்ததும் ‘திருச்சிற்றம்பலம்’ என்பார், தெருவுக்கே கேட்கும்படி. பதிகம் முழுவதும் அவருக்கு மனப்பாடம் என்பதால் அது அநாதைச் சொல் அல்ல.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது ஒருநாள், விளையாட்டாக நான்காம் பாட்டிலேயே அந்த மடலை எடுத்து ஆட்டினேன். நிழலைக் கண்ட தாத்தா உரத்த குரலில் ‘திருச்சிற்றம்பலம்’ என்றார். பாட்டி என்னை முறைத்தாள். மீதி ஏழு பாட்டுகளையும் ஓதாமல் ஏட்டை மூடி வைத்துவிட்டு, அவர் நெற்றியில் திருநீறு இட்டுவிட்டாள்.