கொடிக்கம்பத்துக்கும் மாலை

கேள்வி: அரசியல் இயக்கம் மதம்போல ஆகிவிட முடியுமா? (வாசகி, தண்டையார்பேட்டை)

பதில்: தாராளமாக ஆகும். வியாசர்பாடியில் எங்கள் தெருமுனையில் அம்மன் கோயிலும் கட்சிக் கொடிக்கம்பமும் பத்தடி தூரத்தில் நின்றன. ஆடியில் அங்கே மாலை, தலைவர் பிறந்தநாளில் இங்கே. பூக்காரம்மா ஒருவர்தான், கணக்கும் ஒரே நோட்டில்.

அப்பா பெரம்பூரில் ஆலைத் தொழிலாளி. சாமி கும்பிடமாட்டார். ஆனால் மே தினத்தன்று விடியற்காலையிலேயே குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, லெனின் படத்தைத் துடைத்துவைப்பார். "இது பூஜை இல்லையாப்பா?" என்று கேட்டு ஒருமுறை முதுகில் வாங்கியிருக்கிறேன். அந்த லெனின் உடலை 1924-இலிருந்து பதப்படுத்தி வைத்திருக்கிறார்கள். மாஸ்கோவில் ஜனம் வரிசையில் நின்று பார்க்கிறது. கடவுள் இல்லை என்ற ஆட்சி செய்த வேலை!

சடங்கு இருப்பதில் எனக்குப் புகார் இல்லை. புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967-இல் சட்டம் வந்தது. அதிலும் மாலை மாற்றத்தான் செய்கிறார்கள். மனுஷனுக்கு அது வேண்டியிருக்கிறது, சரி.

சிக்கல் வேறு இடத்தில். அப்பாவின் சங்கம் இரண்டாக உடைந்தபோது பெரியப்பா எதிர்ப்பக்கம் போனார். அக்கா கல்யாணத்துக்கு அவருக்குப் பத்திரிகை இல்லை. நிர்வாகத்தோடு உட்கார்ந்து போனஸ் பேசிய அப்பா, கூடப்பிறந்த அண்ணனோடு பேசவில்லை. கூலி எவ்வளவு ஏறியது என்பதைச் சம்பளச் சீட்டில் பார்த்துவிடலாம். துரோகி என்று முடிவுகட்டியபின் எதில் பார்ப்பது?

பெரியப்பா சாவுக்குப் போனார் அப்பா. உடம்பின்மேல் அந்தச் சங்கத்தின் கொடி. வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பிவிட்டார்.