பேஸ்பால் எவ்வாறு நியூயார்க் தெருக்களின் ஸ்டிக்பால் ஆயிற்று?

இடநெருக்கடியே முதற்காரணம். இங்கிலாந்தின் ரவுண்டர்ஸ் போன்ற பழைய மட்டைப்பந்து ஆட்டங்களோடு உறவுடைய பேஸ்பாலுக்குப் பரந்த திடல் தேவை; ஹார்லெம், புரூக்ளின், பிராங்ஸ் பகுதிச் சிறுவர்களுக்கோ அடுக்குமாடி வீடுகளுக்கிடையே தெரு மட்டுமே கிடைத்தது. ஆகவே துடைப்பக் கழி மட்டையாயிற்று; தோல் பந்துக்குப் பதிலாக உள்ளீடற்ற இளஞ்சிவப்பு ரப்பர் பந்து வந்தது; பாதாளச் சாக்கடை மூடிகளும் நிறுத்தப்பட்ட கார்களும், அடித்தவர் ஓடித் தொட வேண்டிய தளங்களாயின. அடித்த தூரத்தைக்கூட அம்மூடிகளைக் கொண்டே அளந்தார்கள் என்பதுதான் இதில் என்னை மிகவும் கவர்வது: இரண்டு, மூன்று மூடிகளைத் தாண்டிப் பந்தை அனுப்புபவனுக்குத் தெருவில் தனி மதிப்பு இருந்தது. விதிகள் தெருவுக்குத் தெரு வேறுபட்டன. 1950களின் தொடக்கத்தில், நியூயார்க் ஜயண்ட்ஸ் பேஸ்பால் அணியின் நட்சத்திரமான வில்லி மேஸ்கூட ஹார்லெம் தெருக்களில் சிறுவர்களோடு சேர்ந்து இதை விளையாடினார்.