ஒன்று முதல் மூன்று வரை ஒரே அறை: ஜூன் மாதக் கணக்குப் பாடத்தை எப்படித் திட்டமிடுவது?

கேள்வி இதுதான்: "இந்த ஜூனில் அரசு தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியராகச் சேர்கிறேன். ஈராசிரியர் பள்ளி. ஒன்று, இரண்டு, மூன்று வகுப்புகளும் ஒரே அறையில் என்னிடம். முதல் நான்கு வாரக் கணக்குப் பாடத்தை எப்படித் திட்டமிடலாம்?"

முதல் பத்து நாள் புதிதாக எண் எதையும் நடத்தாதீர்கள். என் திட்டம் அதுதான். பாடக்குறிப்பில் அப்படியா எழுத முடியும் என்று கேட்பீர்கள். எழுதலாம், கடைசியில் சொல்கிறேன்.

நான் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் பதினாறு வருடமாக இதே வேலையைத்தான் செய்கிறேன். நானும் தலைமை ஆசிரியரும் மட்டும்தான், நாலாவது ஐந்தாவது அவரிடம், மீதி என்னிடம். போன வருடம் என் அறையில் 23 பேர்: ஒன்றாவதில் 6, இரண்டாவதில் 8, மூன்றாவதில் 9.

சேர்ந்த வருடம் நான் அடித்த கூத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பள்ளி திறந்த வாரமே பலகையில் ஒன்றிலிருந்து நூறு வரை எழுதிப் போட்டு, பார்த்து எழுதுங்கள் என்றேன். இரண்டே வாரத்தில் இரண்டாம் வகுப்பு மொத்தமும் பார்க்காமல் நூறு வரை எழுதியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பள்ளிப் பார்வைக்கு வந்த ஆசிரியர் பயிற்றுநர் ஒருவர் நோட்டுகளைப் புரட்டிவிட்டு ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, "அந்தக் குவியல்லேர்ந்து பதிமூணு கல்லு எடுத்துட்டு வா கண்ணு" என்றார். அவள் ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு வந்து நீட்டினாள். எண்ணவே இல்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார், எனக்குத்தான் முகம் சுண்டிப்போனது. அன்று மதியம் அவள் நூறு வரை எழுதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மேலிருந்து கீழே 1, 1, 1 என்று ஒரு வரிசை, அடுத்து 2, 2, 2 என்று ஒரு வரிசை, இப்படி ஒன்பது வரை முடித்துவிட்டு மறுபடி மேலே போய் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று இறங்கி வந்தாள். கோலத்துக்குப் புள்ளி வைக்கிற மாதிரி. கை அவ்வளவு சுத்தம், பக்கம் நிறைய எண், அவளுக்கோ பதிமூன்று என்றால் எவ்வளவு என்று தெரியாது.

அதற்கப்புறம் ஜூனில் நான் செய்வது, ஒவ்வொரு பிள்ளையோடும் பத்து நிமிடம் தனியாக உட்காருவது. ஒரு நாளைக்கு மூன்று பேர், 23 பேருக்கு எட்டு நாள், வராத பிள்ளைகளுக்கு இன்னும் ரெண்டு நாள். அந்த நேரத்தில் மற்ற இருபத்திரண்டு பேரை என்ன செய்வது என்பதுதான் உண்மையான திட்டமிடல். நம் பாடநூலில் முதல் பருவம் வடிவியலில் தொடங்குவது இதற்கென்றே அமைந்த மாதிரி. மூன்று வகுப்பையும் சேர்த்தே உட்கார வைக்கலாம். களிமண், தீப்பெட்டி, ஈர்க்குச்சி, பாட்டில் மூடி கொடுத்துவிட்டால், ஒன்றாவது உருட்டும் அடுக்கும், மூன்றாவது குச்சியை ஒடித்துச் சதுரமும் முக்கோணமும் செய்து மூலையை எண்ணும். சத்தமாகத்தான் இருக்கும். பரவாயில்லை.

இன்னொன்று, திட்டத்தைத் தேதி போட்டு எழுதாதீர்கள், "முதல் நாள், இரண்டாம் நாள்" என்று எழுதுங்கள். 2023-இல் வெயிலால் தள்ளித் தள்ளிக் கடைசியில் ஒன்று முதல் ஐந்து வகுப்புக்கு ஜூன் 14-தான் திறந்தார்கள், 2024-இல் ஜூன் 10. அதோடு புத்தகம், சீருடை கொடுப்பது, புதுச் சேர்க்கை, பாட்டி ஊரிலிருந்து இன்னும் திரும்பாத பிள்ளைகள் என்று முதல் வாரம் எப்படியும் சிதறித்தான் கிடக்கும்.

சரி, அந்தப் பத்து நிமிடத்தில் என்ன கேட்பது? தாளும் பென்சிலும் முதலில் வேண்டாம். பன்னிரண்டு புளியங்கொட்டையைக் கொட்டி "எண்ணு" என்பேன். விரல் ஒரு கொட்டையிலும் வாய் அடுத்த எண்ணிலும் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும், நிறைய பேருக்கு வாய் முந்திக்கொள்ளும். சரியாக எண்ணி முடித்ததும் உடனே "அப்போ மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். இங்கேதான் விஷயம் இருக்கிறது. சில பிள்ளைகள் "பன்னெண்டு" என்பார்கள். சிலர் மறுபடி "ஒண்ணு, ரெண்டு" என்று முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தத்துக்கும் பதில் என்பது அவர்களுக்கு இன்னும் வரவில்லை. அந்தப் பிள்ளைக்குக் கூட்டல் நடத்தி என்ன பயன்? அடுத்து, அதே கொட்டைகளைப் பரப்பி வைத்துவிட்டு "இப்போ எத்தனை?" என்று கேளுங்கள். திரும்ப எண்ணினால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு "எட்டு எடுத்துக் குடு." பிறகு பத்திலிருந்து பின்னாடி எண்ணச் சொல்லுங்கள், இரண்டாவது மூன்றாவதுக்கு இருபதிலிருந்து.

(ஒரு எச்சரிக்கை: ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் புளியங்கொட்டையை மூக்கில் போட்டுக்கொள்வார்கள். எனக்கு இதுவரை இரண்டு முறை ஆரம்ப சுகாதார நிலையம் வரை போக வேண்டியிருந்தது. குட்டிகளுக்குப் பெரிய பாட்டில் மூடியே போதும்.)

இரண்டாவது, மூன்றாவதுக்கு எண்ணின் பெயரில்தான் அதிகம் மாட்டும். "இருபத்தொம்பதுக்கு அப்புறம் என்ன?" என்று கேட்டால் "இருபத்துப் பத்து" என்று பதில் வரும். சிரிக்காதீர்கள், அந்தப் பிள்ளை சரியாகத்தான் யோசிக்கிறது, இருபதுக்கு மேல் பத்து முப்பதுதானே. பத்து சேர்ந்தால் அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும் என்பது மட்டும் தெரியவில்லை. தமிழில் இருபத்தொன்று, முப்பத்திரண்டு என்று பத்து முதலில், ஒன்று பிறகு, எழுதுகிற வரிசையிலேயே சொல்கிறோம், அது நமக்குப் பெரிய வசதி. ஆனால் ஒன்பது வருகிற இடமெல்லாம் தகராறு. தொண்ணூறில் நூறு ஒலிக்கிறது, தொள்ளாயிரத்தில் ஆயிரம் ஒலிக்கிறது, காதில் விழுந்ததை நம்புகிற பிள்ளை தொண்ணூற்று மூன்றை 103 என்று எழுதினால் அதன் மேல் என்ன குற்றம்?

"நூற்றி அஞ்சு எழுது" என்று சொல்லிப் பாருங்கள். மூன்றாம் வகுப்பு ஒன்பது பேரில் போன வருடம் நாலு பேர் 1005 என்று எழுதினார்கள். நூறு எழுதி, பக்கத்தில் ஐந்து எழுதியாயிற்று, காதுக்கு அது சரி. இதற்குப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் சீட்டு வெட்டி வைத்திருக்கிறேன்: 100 என்ற சீட்டு மூன்று கட்டம் அகலம், 10, 20, 30 எல்லாம் இரண்டு கட்டம், 1 முதல் 9 வரை ஒரு கட்டம். 100-இன் மேல் வலது ஓரத்தில் 5-ஐ வைத்தால் கடைசிப் பூஜ்யம் மறைந்து 105 வந்துவிடும். ஒரு பையன் 5-ஐத் தூக்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, "டீச்சர், அடியில சைபர் ஒளிஞ்சிருக்கு!" என்றான். நான் அரை மணி நேரம் விளக்கியிருந்தாலும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்.

மூன்றாவதுக்குக் கடைசியாக இரண்டு கணக்கு எழுதச் சொல்வேன், 8 + 5, பிறகு 32 – 17. முதலாவதில் விடையைவிட விரல்தான் முக்கியம். எட்டு விரல் மடக்கி, ஐந்து விரல் மடக்கி (அதற்குள் விரல் தீர்ந்துபோய் என்னுடைய கையைப் பிடிக்கும்) ஒன்றிலிருந்து எண்ணுகிறதா, இல்லை "எட்டு" என்று மனதில் வைத்து "ஒம்பது, பத்து" என்று மேலே போகிறதா? முன்னதைச் செய்கிற பிள்ளைக்கு மனக்கணக்கு இன்னும் ரொம்ப தூரம். இரண்டாவதில் 25 என்று விடை வந்தால், இரண்டிலிருந்து ஏழு போகாது என்பதால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்திருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். தப்பு என்று சிவப்பு மையில் குறுக்குக் கோடு போட்டால் அதற்கு ஒன்றுமே விளங்காது.

இதையெல்லாம் ஒரு நோட்டில், பிள்ளைக்கு அரைப் பக்கம். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் (சின்ன வகுப்புகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் வர வைக்க அரசு நடத்துவது) அடிப்படை மதிப்பீடு தனியாக இருக்கிறதே, கீழிருந்து மேலாக அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்துவிடலாமே என்றால், ஆமாம், அதையும் செய்துதான் ஆக வேண்டும். செயலியில் ஏற்ற வேண்டியதை ஏற்றிவிடுங்கள். 2022-இல் அது வந்ததிலிருந்து வகுப்பு எதுவானாலும் பிள்ளை நிற்கிற நிலையிலிருந்து தொடங்கலாம் என்று கையேடே சொல்கிறது, அந்த விதத்தில் எனக்கு நிம்மதிதான். ஆனால் ஒரே மொட்டில் ஐந்து பேர் இருந்தால் ஐந்து பேருக்கும் ஐந்து இடத்தில் முடிச்சு. அது உங்கள் நோட்டில்தான் இருக்கும். அப்புறம், யார் அரும்பு யார் மலர் என்று பிள்ளைகள் காதுபடப் பேசாதீர்கள். மறுநாளே விளையாட்டு மைதானத்தில் அது வசவாகிவிடும்.

மூன்றாவது வாரத்திலிருந்து குழு பிரிந்துவிடும். தினமும் முதல் பத்து நிமிடம் எல்லோரும் சேர்ந்து, பிறகு மூன்று குழு, ஒரு குழு என்னோடு, இரண்டு தாங்களாகவே. ஒரே நாளில் மூன்று குழுவையும் பார்த்துவிடலாம் என்று ஆசைப்படாதீர்கள். இரண்டைப் பார்த்தாலே பெரிய விஷயம், மூன்றாவதை மறுநாள் முதலில் எடுங்கள்.

சேர்ந்து செய்யும் பத்து நிமிடத்துக்கு என்னிடம் தட்டுக் கணக்கு இருக்கிறது. 2023 ஆகஸ்டில் காலை உணவு எங்கள் பள்ளிக்கும் வந்ததிலிருந்து இது. காலையில் எத்தனை தட்டு எடுக்க வேண்டும் என்று பிள்ளைகள்தான் சொல்ல வேண்டும். "நம்ம ரூம்ல 23 பேரு, இன்னிக்கு 19 பேரு வந்திருக்கோம், எத்தனை பேரு வரல?" ஒன்றாவது வராத பிள்ளைகளின் பெயரைச் சொல்லி விரல் மடக்கும். இரண்டாவது 19-க்கு மேல் "இருபது, இருபத்தொண்ணு" என்று போய் நாலு என்னும். மூன்றாவதில் ஒருத்தி, "இருபது வந்தா மூணு, ஆனா பத்தொம்பதுதான், அதனால நாலு" என்றாள். மூன்று பேரும் ஒரே கணக்கைத்தான் போட்டார்கள். ஒருவர் போட்டதை இன்னொருவர் கேட்கிறார் பாருங்கள், மூன்று வகுப்பும் ஒரே அறையில் இருப்பதில் கிடைக்கும் ஒரே லாபம் அதுதான்.

குழு வேலைக்கு ஈர்க்குச்சியும் ரப்பர் பேண்டும். பத்துப் பத்தாகக் கட்டு போட வேண்டும். கட்டை நீங்கள் போட்டுக் கொடுக்காதீர்கள், நேரம் மிச்சமாகிறது என்று நானும் செய்து பார்த்தேன், அப்படிக் கொடுத்தால் கட்டு என்பது பிள்ளைக்கு ஒற்றைப் பொருளாகிவிடுகிறது, உள்ளே பத்து இருப்பது மறந்துபோகிறது. அவர்களே கட்டட்டும். ஒன்பது குச்சிக் கட்டு வரும், பதினொன்று வரும், பக்கத்துப் பிள்ளை அவிழ்த்துச் சரிபார்க்கும், சண்டை வரும். நல்லது. பிறகு 32 – 17 என்றால் மூன்று கட்டு, இரண்டு குச்சி. ஏழு குச்சி கேட்டால் இரண்டுதான் இருக்கிறது, ஒரு கட்டை அவிழ்த்தே ஆக வேண்டும். "கடன் வாங்குதல்" என்ற வார்த்தையையே நான் சொல்வதில்லை. திருப்பிக் கொடுக்காத கடன் என்ன கடன்? "கட்டு அவிழ்ப்போம்" என்றால் போதும்.

அரும்புக் குழுவுக்குப் பல்லாங்குழி. தரையில் சாக்பீஸால் பதினாலு வட்டம் போட்டாலே போதும், பலகை வேண்டாம். குழியில் நாலு சேர்ந்தால் "பசு" என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதால், நாலை எண்ணாமலே பார்த்ததும் சொல்லும் பழக்கம் ஒரு வாரத்தில் வந்துவிடுகிறது. மலர்க் குழு அதிலேயே குழிக்கு ஐந்து போட்டால் மொத்தம் எத்தனை வேண்டும் என்று போடட்டும்.

நான்காவது வாரம் கடை. சோப்பு உறை, பிஸ்கட் உறை, அட்டையில் வெட்டிய பத்து ரூபாய், ஒரு ரூபாய். வீட்டில் பெட்டிக்கடை வைத்திருக்கும் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவனிடம், "இருபது ரூபா குடுத்து பன்னெண்டு ரூபாய்க்கு வாங்கினா மீதி?" என்றேன். "எட்டு ரூபா டீச்சர்", கண் இமைக்கவில்லை. அதையே பலகையில் 20 – 12 என்று எழுதிக் கொடுத்தேன். 12 என்று எழுதினான். "அப்போ கடையில பன்னெண்டு ரூபாயா மீதி குடுப்பே?" என்றதும் பலகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அது கடை டீச்சர், இது கணக்கு" என்றான்.

அவனுக்கு அந்த இரண்டையும் ஒன்று சேர்க்க எனக்கு ஆகஸ்ட் வரை ஆனது.

வாய்ப்பாடு எப்போது என்று பெற்றோர் கேட்பார்கள். "ரெண்டாவது பருவம் பார்க்கலாம்மா" என்று சொல்லிவிடுங்கள். தனியார் பள்ளியில் யுகேஜியிலேயே சொல்கிறார்களாமே என்பார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை, சிரித்துவிட்டு வந்துவிடுவேன்.

பாடக்குறிப்பு விஷயம். முதல் இரண்டு வாரத்துக்கு நான் எழுதுவது: "வடிவியல்: பொருள்களை உருட்டுதல், அடுக்குதல், வகைப்படுத்துதல். எண்கள்: முன்னறிவு காணல், ஒரு நாளைக்கு மூவர்." கீழே அந்த மூவர் பெயர். மதிப்பீடு என்ற இடத்தில் "தனி நோட்டில் காண்க." பார்வைக்கு யார் வந்தாலும் அந்த நோட்டைக் கையில் கொடுப்பேன், இதுவரை யாரும் தப்பு சொன்னதில்லை.

புளியங்கொட்டையை மே மாதமே சேகரித்துவிடுங்கள். புளி தட்டி முடித்த வீடுகளில் கேட்டால் சாக்கோடு கொடுப்பார்கள். கழுவி ரெண்டு நாள் வெயிலில் போட்டுவிட்டு டப்பாவில் போடுங்கள், இல்லாவிட்டால் வண்டு வந்துவிடும். துடைப்பம் ரெண்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஈர்க்குச்சியின் கூர் நுனியை நறுக்கிவிட்டுக் கொடுங்கள்.